ரேஸ் ஏறுது, வண்டி நகரல

சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறைக்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்



நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். யூனிபார்மைப் பார்த்தாலே தெரிகிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததற்கு உருப்படியாக ஏதாவது கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு வண்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். என் அக்காவின் வண்டி. போன ஐப்பசியில் ஒருநாள் அக்கா போன் செய்தார். "தம்பி, ரேஸ் ஏறுதுடா, வண்டி நகரல" என்றார். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது. சந்தவேலூரில் வீடு. மாமா உதிரிபாக ஆலையில் வேலை பார்க்கிறவர். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மீதிக்குக் கடன் போட்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். பி-0734 என்று ஒரு கோடு வந்திருக்கிறது. எஸ்டிமேட்டில் ஒரே வரி: கியர்பாக்ஸ் அசெம்பிளி மாற்ற வேண்டும். இரண்டரை லட்சத்துக்கு மேல்.

எந்தக் கம்பெனி வண்டி, எந்த சர்வீஸ் சென்டர் என்று சொல்லப் போவதில்லை. அந்த ஒரு வரி எந்தக் கம்பெனிக் காகிதத்திலும் வரக்கூடியது. என் கேள்வி வேறு. பி-0734 சொல்வது என்ன? நான்காவது கியரில் கணக்கு உதைக்கிறது என்று மட்டும்தான். ஏன் உதைக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவன் மெக்கானிக். கண்டுபிடிக்காமலே பெட்டியை மாற்றச் சொன்னால், ஜுரம் அடிக்கிறது என்று வந்தவரிடம் காரணம் பார்க்காமல் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி.

இதை நான் இந்த ஊரில் நின்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மைச் சுற்றி நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குள் என்னென்ன வண்டி செய்கிறார்கள் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் வெளியே வருகிறது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு, 2022-ல் உற்பத்தியை நிறுத்தும்வரை எக்கோஸ்போர்ட்டும் எண்டெவரும் செய்தது. 2020-ல் வந்த கிரெட்டா ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டீசலில் டார்க் கன்வர்ட்டர் போட்ட ஆறு கியர் ஆட்டோமேட்டிக். சாதாரண பெட்ரோலில் ஐ.வி.டி., அதாவது சி.வி.டி. வகை. டர்போ பெட்ரோலில் ஏழு கியர் டபுள் கிளட்ச். பெயர் ஒன்று, பெட்டி மூன்று. ஒரகடத்து மேக்னைட்டிலும் கைகரிலும் சி.வி.டி.யும் உண்டு, ஏ.எம்.டி.யும் உண்டு. உலகத்தில் பரவலாகப் புழங்கும் நாலு வகை ஆட்டோமேட்டிக்கும் நம் கைப்பட்டுத்தான் போகின்றன. ஆனால் அந்தப் பெட்டி கெட்டுப்போனால் திறந்து காரணம் சொல்ல நம் பக்கத்தில் எத்தனை பட்டறை இருக்கிறது? பூட்டத் தெரிந்த கை இத்தனை ஆயிரம் இருக்கும் ஊரில் இது எனக்கு மனத்தாங்கல். அதனால்தான் இந்தக் கூட்டம்.

ஸ்லிப் என்கிறோமே, உள்ளே என்னதான் நடக்கிறது? வீட்டில் டேபிள் டாப் கிரைண்டரைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சுற்றுவது பாத்திரத்தை. குழவியைத் தனியாக எதுவும் சுற்றுவதில்லை. பாத்திரம் இழுக்கிற இழுப்பில், நடுவில் இருக்கும் மாவின் பிடியில் குழவி உருளுகிறது. தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டால் பாத்திரம் பாட்டுக்குச் சுற்றும், குழவி வழுக்கும். ஆட்டோமேட்டிக்கிலும் இப்படித்தான். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரண்டு இடத்தில் பிடி இருக்கிறது. முதல் இடம் டார்க் கன்வர்ட்டர். இதற்கு மூலக் கருத்தைக் கொடுத்தவர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். 1905-ல் கப்பலுக்காகக் காப்புரிமை வாங்கினார். ஒரு சக்கரம் எண்ணெயை வீச, எதிரில் இருக்கும் சக்கரம் அந்த எண்ணெயின் வேகத்தில் சுற்றும். வண்டி ஓரளவு வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இரண்டாவது இடம் கிளட்ச் பேக். இட்லித் தட்டு அடுக்கின மாதிரி இரும்புத் தட்டு ஒன்று, உராய்வுத் தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். உராய்வுத் தட்டின் மேல் ஒட்டியிருப்பது காகிதக் கூழ் போன்ற பொருள். அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. இந்த அடுக்கை எண்ணெய்தான் அழுத்திப் பிடிக்கிறது. பம்ப் எண்ணெயை உறிஞ்சி, வால்வ் பாடியும் சொலினாய்டும் அளந்து அனுப்ப, அந்த அழுத்தத்தில் தட்டுகள் இறுகும். அழுத்தம் குறைந்தால் தட்டு நழுவும். நழுவினால் சூடாகும். சூட்டில் காகிதம் கருகும். கருகின தூள் எண்ணெயில் கலந்து ஃபில்டரை அடைக்கும், அழுத்தம் இன்னும் குறையும். பெட்டி கெடுகிற வரிசை இதுதான். இந்த வரிசையின் தொடக்கத்தில் பிடித்துவிட்டால் சில ஆயிரத்தில் முடியும். கடைசியில் பிடித்தால் லட்சம்.

அக்கா வண்டிக்கு வருகிறேன். நான் முதலில் செய்தது வண்டியைத் தொடாமல் அக்காவிடம் பேசியதுதான். "எப்பக்கா நழுவுது?" "எப்பவும் இல்லடா. சத்திரத்துல வாலாஜாபாத் ரோட்டுக்கு லெஃப்ட்ல வளைக்கிறேன் பாரு, அப்போ. மேம்பாலம் ஏறினா அப்பவும்." "நேர் ரோட்டுல?" "ஒண்ணுமே இல்ல." இதை சர்வீஸ் சென்டரிலும் சொன்னாராம். ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். 'பிக்கப் இல்லை' என்று இரண்டே சொல் எழுதியிருந்தது.

தட்டு கருகிப்போன வண்டிக்கு இடது வளைவு, வலது வளைவு என்று வித்தியாசம் தெரியாது. எங்கே போனாலும் நழுவும். வளைவில் மட்டும், ஏற்றத்தில் மட்டும் நழுவுகிறது என்றால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, பம்ப் காற்றைக் குடிக்கிறது என்று அர்த்தம். காற்று கலந்த எண்ணெய் அழுத்தம் பிடிக்காது. பாதி நோயை அக்காவே சொல்லிவிட்டார். கேட்டவர் எழுதிக்கொள்ளவில்லை. பட்டறைத் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: வண்டியை ஓட்டுகிறவரை முதலில் பேச விடுங்கள். குளிரில் நழுவுகிறதா, சூடான பிறகா? எந்த கியரில்? ரிவர்ஸ் போட்டால் உடனே விழுகிறதா, ஒரு நிமிடம் யோசிக்கிறதா? அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

அடுத்து, யூகத்தைக் கணக்கால் சரிபார்க்க வேண்டும். ஸ்கேனரைக் கோடு படிக்க மட்டுமே வைத்திருக்கிறோம். அதில் லைவ் டேட்டா என்று ஒரு பக்கம் இருக்கிறதே, உயிர் அங்கேதான். மூன்று எண் போதும். இன்ஜின் சுற்று, பெட்டிக்குள் நுழையும் உள்தண்டின் சுற்று, வெளியே வரும் தண்டின் சுற்று. லாக்-அப் பூட்டிய பிறகும் இன்ஜினுக்கும் உள்தண்டுக்கும் இடையே சுற்று வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் குறை கன்வர்ட்டர் பக்கம். உள்தண்டுக்கும் வெளித்தண்டுக்கும் இடையே கணக்கு தவறினால் குறை கிளட்ச் பேக் பக்கம். அக்கா வண்டியில் நான்காவது கியர் விகிதம் ஏறக்குறைய 1.4. வெளித்தண்டு 1500 சுற்றினால் உள்தண்டு 2100 சுற்ற வேண்டும். மாமா ஓட்ட, நான் பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்தேன். நேர் சாலையில் 2100, பிசகாமல் நின்றது. வாலாஜாபாத் சாலைக்கு வளைத்தோம். 2400-க்குத் தாவி, ஒரு நொடி நின்று, திரும்ப வந்து உட்கார்ந்தது. அந்த 300 சுற்றுதான் பணமாக எரிந்துகொண்டிருந்தது. நேர் சாலையில் கணக்கு பிசகாததால் தட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றும் தெரிந்தது. மாமா முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது.

பழைய ஆட்கள் ஸ்டால் டெஸ்ட் செய்வார்கள். பிரேக்கை இறுக மிதித்து, டி-யில் போட்டு, முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, இன்ஜின் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பார்ப்பது. குறித்த அளவைத் தாண்டி ஏறினால் உள்ளே நழுவுகிறது. டி-யில் ஏறி, ரிவர்ஸில் ஏறாவிட்டால் முன்னோக்கிய கிளட்ச். இரண்டிலும் ஏறினால் பம்ப், ஃபில்டர், எண்ணெய் அளவு இவற்றைப் பார். நல்ல சோதனைதான். ஆனால் ஐந்து நொடிக்கு மேல் மிதிக்கக் கூடாது. வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நியூட்ரலில் விட்டு ஆறவைக்க வேண்டும். ஏற்கெனவே நழுவுகிற வண்டியில் நான் இதைச் செய்வதில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வேண்டாம்.

வண்டியை லிஃப்டில் ஏற்றினோம். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தியதில்லை என்று அக்கா சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றினோம். அதன் குழியில் செம்மண்ணும் எண்ணெயும் குழைந்து களி மாதிரி கிடந்தது. ஆக்ஸில் நுழையும் இடத்தில் ஆயில் சீல் உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. மாதக்கணக்கில் கசிந்த எண்ணெய் முழுக்க அந்தக் கவரில் தங்கிவிட்டது. சர்வீஸுக்குப் போனபோதெல்லாம் கவரின் மேலேயே தண்ணீர் அடித்துக் கழுவி அனுப்பியிருக்கிறார்கள்.

எண்ணெய் அளவு பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் டிப் ஸ்டிக் கிடையாது. லெவல் போல்ட் ஒன்றுதான். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இன்ஜின் ஓட வேண்டும். பிரேக்கில் கால் வைத்து ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்து, எல்லா வழியிலும் எண்ணெய் நிரம்பவிட வேண்டும். எண்ணெய்ச் சூடு கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும்; பல ஆறு கியர் பெட்டிகளுக்கு 50-லிருந்து 60 டிகிரி. அப்போது போல்ட்டைத் திறந்தால் நூல் பிடித்த மாதிரி மெல்லிசாக வழிந்து நிற்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுத் திறந்தால் கொட்டோ கொட்டென்று கொட்டும். பார்க்கிறவர் அதிகம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அக்கா வண்டியில் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. ஒன்றரை லிட்டர் ஊற்றிய பிறகுதான் முதல் நூல் வழிந்தது.

இரண்டு சொட்டு எடுத்து வெள்ளைத்தாளில் விட்டேன். புது எண்ணெய் பெரும்பாலும் மாதுளைச் சிவப்பாக இருக்கும். ஓடிய எண்ணெய் பழுப்பேறுவது இயல்பு. தாளில் பரவும்போது நடுவில் கரும்புள்ளி தங்கி, அடிப்பிடித்த பாத்திர வாசனை அடித்தால் தட்டு கருகியிருக்கிறது. பெட்டியின் அடியில் எண்ணெய் தங்கும் பேனைக் கழற்றினால், அதில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். பளபளவென்று செதிலோ, பித்தளைத் துகளோ இருந்தால்தான் பெட்டியைத் திறக்க வேண்டிய கட்டம். இங்கே பழுப்பு, லேசான கருகல் வாசனை, காந்தத்தில் சேறு மட்டும். புது சீல் போட்டோம். ட்ரெயின் போல்ட் வழியாக ஏறக்குறைய பாதி எண்ணெய்தான் வரும், மீதி கன்வர்ட்டரிலேயே நிற்கும். அதனால் இறக்கி ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இறக்கி ஊற்றினோம். மெஷின் வைத்து வேகமாகக் கழுவித் தள்ளுவது பழைய பெட்டிக்கு எனக்கு உடன்பாடில்லை. மூலையில் படிந்த தூளைக் கிளப்பி வால்வில் கொண்டுபோய்ச் செருகிவிடும். பிறகு ஸ்கேனரில் பழைய அடாப்டேஷனை அழித்து, பெட்டியைப் புதிதாகக் கற்றுக்கொள்ள விட்டோம். வாலாஜாபாத் வளைவில் இப்போது 2100, 2100-ஆகவே இருக்கிறது. காலைக் குளிரில் மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது மட்டும் ஒரு சிறு தயக்கம் மிச்சம் இருக்கிறது. அந்தத் தட்டு இழந்தது இழந்ததுதான்.

"ஆயில் மாற்றவே வேண்டாமாமே, லைஃப் டைம் ஆயில் என்கிறார்களே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கையேட்டை எடுத்து, கடுமையான உபயோகம் என்ற தலைப்பைத் தேடிப் படியுங்கள். புழுதி, குறுகிய தூர ஓட்டம், பாரம் இழுத்தல். சில கையேடுகளில் 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலில் ஓட்டுவது என்று தெளிவாகவே அச்சிட்டிருக்கிறது. ஷிப்ட் விடும் நேரத்தில் கன்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் சத்திரம் சந்திப்பில் ஊர்ந்து போகிறோமே, அதற்கு வேறு பெயர் கிடையாது. நம் ஊரில் ஓடுகிற வண்டி அத்தனையும் கடுமையான உபயோகம்தான். அந்த அட்டவணைப்படி மாற்றுங்கள், அதற்கென்று குறித்த எண்ணெயையே ஊற்றுங்கள்.

மற்ற மூன்று வகையையும் சொல்லிவிடுகிறேன். சி.வி.டி.யில் கியரே கிடையாது. இரண்டு கப்பி, நடுவில் சுமார் 400 சிறு எஃகுத் துண்டுகள் கோத்த பட்டை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முதலில் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் பின்னால் வரும். அது அதன் சுபாவம். ஸ்லிப் என்று நினைத்துப் பட்டறைக்கு ஓடாதீர்கள். ஆனால் அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றினால் பட்டை கப்பியில் நிஜமாகவே வழுக்கும், கப்பியில் கோடு விழும், பிறகு காப்பாற்ற முடியாது. ஏ.எம்.டி. என்பது நம் பழைய கை கியர்தான். கிளட்ச்சை மிதிப்பதும் கியர் போடுவதும் மட்டும் இயந்திரம். அது நழுவினால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட். மாற்றிவிட்டு, மறுபடி அளவு கற்றுக்கொடுத்தால் தீர்ந்தது.

டபுள் கிளட்ச்சைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம்மூரில் அதிகம் ஓடுவது உலர்ந்த கிளட்ச் வகை. ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடி வரிசையில் பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊர்ந்தால் அது முழுக்க ஹாஃப் கிளட்ச்தான். மேடான இடத்தில் பிரேக்கில் நிற்காமல் ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் வெந்துவிடும். இது ஓட்டுகிறவர் கவனிக்க வேண்டியது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் ஓட்டுகிறவர் தலையில் போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் பெட்டி ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் மூன்றிலும் வந்தது. உள்தண்டின் சீல் கசிந்து உலர்ந்த கிளட்ச்சில் எண்ணெய் பட்டு உதறியது அதன் குறைகளில் ஒன்று. ஆஸ்திரேலியாவில் புகார் கொடுத்தவர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு, 2018 ஏப்ரலில் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இங்கேயும் வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். அதற்கு ஜாப் கார்டு வேண்டும், கழற்றிய பழைய பாகம் வேண்டும். இரண்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்துக்காரன் பேச்சாக இருக்காது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வண்டிகள் கண்ணாடி மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். பெட்டியின் மேலே மூச்சுக்குழல் ஒன்று உண்டு. தண்ணீர் அதன் வழியே இறங்கும். எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீர் பட்டால் தட்டில் ஒட்டிய காகிதம் பசை விட்டு உரிந்து வந்துவிடும். வெள்ளத்தில் நின்று தப்பித்த ஒரு வண்டியை, இன்ஜின் நன்றாக ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் உரிமையாளர் திருத்தணிவரை ஓட்டிப் போனார். திரும்பி வந்தது ரெக்கவரி வண்டியில். பேனைத் திறந்தபோது ஊறவைத்த செய்தித்தாள் மாதிரி கிடந்தது. ரேடியேட்டருக்குள்ளேயே பெட்டி எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் இருக்கும் வண்டிகளில், மழையே இல்லாமலும் இந்த ரோஸ்மில்க் வரலாம். அங்கே ரேடியேட்டரையும் மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பட்டறைத் தம்பிகளே, ஐ.டி.ஐ.யில் எம்.எம்.வி. (மோட்டார் வாகன மெக்கானிக்) படிக்கிற பிள்ளைகளே, ஒரு பழைய பெட்டியை நான் கொடுக்கிறேன். வெள்ளத்தில் போன அந்தப் பெட்டிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கழற்றிப் பூட்டிப் பழகுங்கள். ஆலையில் பெட்டி பூட்டுகிற அண்ணன்மார் நாலு பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கூட நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியே அக்கா வண்டி கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்கேனர் பிடித்திருக்கிற தம்பி வாசலில் இருந்து கை காட்டுகிறான், 52 டிகிரியாம். 60-ஐத் தாண்டுவதற்குள் லெவல் போல்ட்டைத் திறக்க வேண்டும். எல்லோரும் வாருங்கள். குழந்தைகளை மட்டும் சைலன்சர் பக்கம் விடாதீர்கள்.